ஃபெடிவர்ஸில் குழு தொடங்கப் போகிறீர்களா? பெயரைத் தட்டும் முன் கொஞ்சம் நில்லுங்கள்

வாட்ஸப் குழுவுக்குப் பெயர் வைக்க யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. 'அக்கா கல்யாண ஏற்பாடு' என்று ஆரம்பித்த குழு ஒரு வருடத்தில் 'அக்கா வளைகாப்பு' ஆகி, அப்புறம் வெறும் 'நம்ம குடும்பம்' என்று நின்றுவிடும். உள்ளே இருக்கிறவர்கள் அப்படியே இருப்பார்கள், ஒன்றும் கெட்டுப்போகாது. அதே பழக்கத்தோடு லெம்மி, பைஃபெட், எம்பின், ஃபிரெண்டிகா மாதிரியான தளங்களில் போய்க் குழு தொடங்கினால் சிக்கிக்கொள்வோம், ஏனென்றால் அங்கே முதல் நாள் நீங்கள் தட்டுகிற பெயர்தான் அந்தக் குழுவின் முகவரி, அதைப் பிறகு திருத்த முடியாது.

நான் நாட்டு நெல் ரகங்களுக்காக ஒரு குழுவும் மாடித்தோட்டத்துக்காக ஒரு குழுவும் நடத்துகிறேன். நெல் குழுவுக்கு இது மூன்றாவது பெயர், மூன்றாவது முகவரி. முதல் இரண்டில் இருந்த பதிவுகளில் பாதிக்கு மேல் இப்போது தேடினால் கிடைக்காது, விதை எங்கே கிடைக்கும், எந்த மண்ணுக்கு எது தாங்கும் என்று மெனக்கெட்டு எழுதியவர்களின் பதிவுகள் அவை. இன்னொருவருக்கு அப்படி ஆகக் கூடாது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. ஃபெடிவர்ஸ் என்பது ஒரே கம்பெனியின் ஒரே தளம் கிடையாது. ஆயிரக்கணக்கான சர்வர்கள், ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் நடத்துகிறார், அவை ஆக்டிவிட்டிபப் என்கிற பொது நெறிமுறையில் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. லெம்மி, பைஃபெட், எம்பின், ஃபிரெண்டிகா எல்லாம் அந்த சர்வர்களில் ஓடுகிற மென்பொருள்களின் பெயர்கள். இணையத்துக்கான தரங்களை வகுக்கிற டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் அந்த நெறிமுறையைப் பரிந்துரையாக வெளியிட்டது. மின்னஞ்சல் மாதிரிதான், யார் எந்த சர்வரில் கணக்கு வைத்திருந்தாலும் மற்றவருக்கு எழுதலாம். அதனால் குழுவின் முகவரியும் மின்னஞ்சல் முகவரி போலவே இரண்டு துண்டு: முன்னால் குழுவின் பெயர், நடுவில் @ குறி, பின்னால் சர்வரின் பெயர். லெம்மியில் எல்லாவற்றுக்கும் முன்னால் ஓர் ஆச்சரியக்குறி வரும். !வயல்@சர்வர்பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். புரிவதற்காகத் தமிழில் எழுதியிருக்கிறேன், நிஜத்தில் ஆங்கில எழுத்தில்தான் போட வேண்டும், அந்த வம்புக்குப் பிறகு வருகிறேன்.

இதைத் தவிர காட்சிப் பெயர் என்று ஒன்று தனியாக உண்டு. பக்கத்தின் மேலே பெரிய எழுத்தில் தெரிவது அது. எந்த மொழியிலும் வைக்கலாம், இடைவெளி விடலாம், நாளைக்கே மாற்றலாம், மாற்றினால் மற்ற சர்வர்களுக்கும் அந்த மாற்றம் போய்ச் சேரும். ஆக, மாறாத பெயர் ஒன்று, மாறக்கூடிய பெயர் ஒன்று. மாறாததைச் சுருக்கமாக, சாதாரணமாக, எவர் தட்டினாலும் ஒரே மாதிரி வருகிறதாக வையுங்கள். உங்கள் ரசனை, அழகு, கவிதை எல்லாவற்றையும் காட்சிப் பெயரில் காட்டுங்கள். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், முகவரியில் கவிதையை வைத்துவிட்டுக் காட்சிப் பெயரைக் காலியாக விட்டுவிடுகிறார்கள்.

பெயருக்கு முன்னால் சர்வர்

முகவரியின் பின்பாதியும் உங்கள் பெயரின் பகுதிதான், அதனால் எந்த சர்வரில் தொடங்குகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். குழுவின் பெயரைப் பற்றி ஒரு வாரம் யோசித்துவிட்டு சர்வரை ஐந்து நிமிடத்தில் தேர்ந்தெடுப்பவர்கள்தான் அதிகம். நெல் குழுவின் இரண்டாவது முகவரிக்கு நானும் அப்படித்தான் செய்தேன். சின்ன சர்வர், நடத்தியவர் நல்ல மனிதர், ஆனால் செலவு தாங்காமல் இரண்டு வார அவகாசம் கொடுத்து மூடிவிட்டார். குழுவின் பெயர் என்ன நல்ல பெயராக இருந்து என்ன, பின்பாதி செத்துப்போனால் முழு முகவரியும் செத்துப்போகும்.

பெரிய சர்வர்களுக்கும் இது நடந்திருக்கிறது. ஜெர்மன் மொழிக்காரர்கள் கூடியிருந்த ஃபெடிட்.டிஇ 2024-இல் முடங்கியது, அங்கே இருந்தவர்கள் ஃபெடிட்.ஆர்க் என்ற புதிய முகவரிக்கு மாறி எல்லாக் குழுக்களையும் மறுபடி கட்ட வேண்டியிருந்தது. கேபின்.சோஷியல் அதே வருடம் போயிற்று. லெம்.ஈஈ நன்றாக நடந்துகொண்டிருந்த சர்வர், நடத்தியவர்கள் களைத்துப்போய் 2025 ஜூன் மாதத்தோடு மூடினார்கள். ஃபயர்பாக்ஸ் உலாவியைத் தருகிற மொஸில்லா மாதிரி பெரிய பெயர் நடத்திய மாஸ்டடான் (ட்விட்டர் மாதிரி குறும்பதிவு போடுகிற ஃபெடிவர்ஸ் மென்பொருள்) சர்வரே 2024 டிசம்பரில் மூடப்பட்டது.

சர்வர் பெயரின் கடைசித் துண்டையும் கவனியுங்கள். இரண்டு எழுத்தில் முடிந்தால் அது ஏதோ ஒரு நாட்டுக்கோ பிரதேசத்துக்கோ சொந்தம். .எம்எல் என்பது மாலி நாட்டுடையது. இலவசமாகக் கிடைத்ததால் பலர் எடுத்தார்கள். 2023 ஜூலையில் மாலி அரசு அந்த நிர்வாகத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டபோது எஃப்எம்எச்ஒய்.எம்எல் என்ற லெம்மி சர்வர் தன் பெயரையே இழந்தது. .ஏஎஃப் ஆப்கானிஸ்தானுடையது. அதில் இயங்கிய குவீர்.ஏஎஃப் என்ற மாஸ்டடான் சர்வரின் பெயரை 2024 பிப்ரவரியில் தாலிபான் நிர்வாகம் முடக்கியது. பெயர் கேட்க நன்றாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு சர்வரை எடுக்காதீர்கள். யார் நடத்துகிறார்கள், ஒருவரா பலரா, செலவுக்கு என்ன வழி, எத்தனை வருடமாக நடக்கிறது என்று அந்த சர்வரின் அறிமுகப் பக்கத்தில் பாருங்கள், இல்லையென்றால் அட்மினுக்கே எழுதிக் கேளுங்கள். சில சர்வர்களில் அட்மின் மட்டும்தான் குழு தொடங்க முடியும் என்று பூட்டி வைத்திருப்பார்கள், எப்படியும் கேட்கத்தான் வேண்டும்.

சர்வரே பாதிப் பெயராக வேலை செய்கிற இடங்களும் உண்டு. புரோகிராமிங்.டெவ் என்ற சர்வரில் 'பைத்தான்' என்று ஒரு குழு இருந்தால் அது பாம்பைப் பற்றியது இல்லை என்று யாருக்கும் விளக்க வேண்டாம். ஸ்டார்ட்ரெக்.வெப்சைட் சர்வரில் நகைச்சுவைப் படங்களுக்கான குழுவின் பெயர் 'ரைசா', ஸ்டார் ட்ரெக் தொலைக்காட்சித் தொடரில் வருகிற உல்லாசக் கிரகத்தின் பெயர் அது. தொடரைப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும், அதுவும் அந்த சர்வருக்குள் இருப்பதால் பொருந்துகிறது. அதே பெயரை ஒரு பொது சர்வரில் வைத்தால் யாரும் தேடி வரமாட்டார்கள். உங்கள் துறைக்கென்று ஒரு சர்வர் இருந்தால் பெயரைச் சின்னதாக வைக்கலாம், பொது சர்வர் என்றால் பெயரே எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

ஆங்கில எழுத்தில் தமிழ்

இப்போது அந்த வம்பு. லெம்மியில் குழுவின் முகவரிப் பெயரில் ஆங்கிலச் சின்ன எழுத்துகள், எண்கள், அடிக்கோடு, இவ்வளவுதான். இடைவெளி கிடையாது, இணைப்புக்கோடு கிடையாது. குறைந்தது 3 எழுத்து, பெரும்பாலான சர்வர்களில் அதிகபட்சம் 20. பெயர்களைச் சரிபார்க்கும் நிரலில் அரபு எழுத்துக்கும் ரஷ்ய மொழியின் சிரிலிக் எழுத்துக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள், தமிழுக்கு இல்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம். லெம்மி திறந்த மூலநிரல், அரபுக்கும் சிரிலிக்குக்கும் செய்ததைத் தமிழுக்கும் செய்யச் சொல்லி யாராவது கேட்க வேண்டும், நிரல் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து கவனியுங்கள்.

அதுவரை ஆங்கில எழுத்துதான். பிரச்சினை என்னவென்றால் தமிழை ஆங்கில எழுத்தில் எழுத நமக்குள் ஒரு முறை கிடையாது. மாடித்தோட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 'மா'வுக்கு ஒரு 'ஏ' போடுவதா, இரண்டு போடுவதா? ஒன்று போட்டால் 'மடி' என்றும் படிக்கலாம். 'தோ'வுக்கு வெறும் 'டி' போதுமா, 'ஹெச்' சேர்க்க வேண்டுமா? நடுவில் வருகிற ஒற்றெழுத்தைக் காட்டுவதா, விடுவதா? நண்பர்கள் எட்டுப் பேரிடம் எழுதிக் காட்டச் சொன்னேன், ஐந்து விதமாக வந்தது. அவர்கள் எட்டுப் பேரும் தேடினால் குறைந்தது நான்கு பேருக்கு நம் குழு கிடைக்காது என்று அர்த்தம்.

'ழ' இருந்தால் இன்னும் மோசம். தமிழ்நாட்டில் பலர் 'இசட் ஹெச்' போடுவார்கள், இலங்கையில் யாழ்ப்பாணத்தை 'எல்' போட்டு எழுதுவதுதான் வழக்கம், 'தமிழ்' என்ற சொல்லுக்கே இரண்டும் புழங்குகிறது. 'விதை', 'கவிதை' என்று நடுவில் 'த' வந்தால் ஒருவர் 'th' போடுவார், இன்னொருவர் வெறும் 'd' போட்டு அது 'விடை' மாதிரி வந்து நிற்கும். இதில் ஒரு அரசாங்கமே திணறியிருக்கிறது. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தமைப்பைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்றபடி மாற்றி ஆணை போட்டது, கோயம்புத்தூர், வேலூர் எல்லாம் புது வடிவத்தில் வந்ததும் எதிர்ப்பு கிளம்பி, சில நாட்களிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். உச்சரிப்புக்கு மிகச் சரியான எழுத்தமைப்பு வேறு, ஜனங்களின் விரலில் பழகிய எழுத்தமைப்பு வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது.

அதனால் என்ன செய்யலாம்? சறுக்காத சொல்லாகத் தேடுங்கள். ழ, நெடில், நடுவில் வருகிற த, இரட்டித்த ஒற்று, இவை இல்லாத சொற்கள் நிறைய இருக்கின்றன. வயல், கடல், அரிசி, மலர், இவற்றைப் பத்துப் பேர் ஆங்கிலத்தில் எழுதினால் பத்துப் பேரும் ஒரே மாதிரி எழுதுவார்கள். நான் கடைசியில் 'வயல்' என்று வைத்தது இதனால்தான். ஐந்தே எழுத்து, யாருக்கும் தப்பவில்லை. காட்சிப் பெயராக 'வயல்: நாட்டு நெல் ரகங்களும் விதைப் பகிர்வும்' என்று தமிழிலேயே வைத்திருக்கிறேன். தேடல் முகவரிப் பெயரையும் காட்சிப் பெயரையும் சேர்த்தே பார்க்கும், ஆகவே 'நெல்' என்றோ 'விதை' என்றோ தமிழில் தேடுகிறவருக்கும் கிடைத்துவிடும். குழுவின் அமைப்புகளில் மொழி என்று ஓர் இடம் இருக்கும், அதில் தமிழைத் தேர்ந்தெடுத்து விடுங்கள், பெயரில் 'தமிழ்' என்று சேர்த்தால்தான் தெரியும் என்ற கட்டாயம் குறையும்.

நீளத்தையும் பாருங்கள். 'பாரம்பரிய நெல் விதைகள்' என்பதை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் 24 எழுத்து வருகிறது, 20-க்குள் அடங்காது. அடங்கினாலும் வேண்டாம், கைப்பேசியில் தட்டுகிறவரை நினைத்துப் பாருங்கள். அடிக்கோட்டையும் நான் தவிர்க்கிறேன், விசைப்பலகையில் இன்னொரு பக்கம் போய்த் தேட வேண்டியிருக்கிறது, வாயால் சொல்லும்போதும் 'நடுவில் அண்டர்ஸ்கோர்' என்று சொல்ல மறந்துவிடுகிறோம்.

வாயால் சொல்வது முக்கியமா என்று கேட்பீர்கள், ரொம்ப முக்கியம். இந்தத் தளங்களில் ஒரு விஷயம் புதியவர்களுக்குப் புரிவதில்லை. உங்கள் குழு இன்னொரு சர்வரில் தானாகத் தெரியாது. அங்கே இருக்கிற யாராவது ஒருவர் முழு முகவரியையும் தேடல் பெட்டியில் தட்டித் தேடிச் சேர்ந்த பிறகுதான் அந்த சர்வருக்கு உங்கள் குழு இருப்பதே தெரியும். ஒவ்வொரு சர்வரிலும் யாரோ ஒருவர் முதல் ஆளாக அந்த வேலையைச் செய்தாக வேண்டும், அவர் அந்த முகவரியை உங்களிடம் கேட்டுத்தான் தட்டுவார். அதனால் பெயரை முடிவு செய்யும் முன் ஒரு நண்பரை ஃபோனில் கூப்பிட்டு முகவரியை ஒரே ஒரு தடவை சொல்லுங்கள், எழுத்துக் கூட்டிச் சொல்லாதீர்கள். அவர் சரியாகத் தட்டிவிட்டால் பெயர் தேறியது. தப்பாகத் தட்டினால் வேறு பெயர் பாருங்கள்.

மாஸ்டடானில் இருப்பவர்கள் உங்கள் குழுவுக்கு எழுத வேண்டுமானால் பதிவுக்குள் குழுவின் முகவரியைக் குறிப்பிட வேண்டும். வழக்கமாக 500 எழுத்துதான் அங்கே அளவு, குறிப்பிடும்போது சர்வர் பெயர் கணக்கில் வராது, குழுவின் பெயர் வரும். நீளமான பெயர் அவர்கள் எழுதும் இடத்தைத்தான் தின்னும். இன்னொன்று, லெம்மி குழுவையும் ஆளையும் வேறு வேறு குறியால் பிரித்துக் காட்டும், மாஸ்டடானில் இரண்டுக்கும் ஒரே @ தான். அதே சர்வரில் உங்கள் கணக்கின் பெயரும் குழுவின் பெயரும் ஒன்றாக இருந்தால் எதைக் கூப்பிடுகிறோம் என்று குழப்பம் வரும். இரண்டையும் வேறாக வையுங்கள்.

எவ்வளவு அகலம்?

என் முதல் குழுவின் பெயர் ஒரே ஒரு ரகத்தின் பெயர், கருப்புக் கவுனி. அப்போது அதைப் பற்றித்தான் பேச நினைத்தோம். மூன்று மாதத்தில் மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கிச்சிலிச் சம்பா என்று ஒவ்வொருவரும் தங்கள் வயலில் இருப்பதைக் கொண்டுவந்தார்கள், புதிதாக வருகிறவர்கள் 'இங்கே கவுனி மட்டும்தானா' என்று கேட்டுவிட்டுத் திரும்பினார்கள். குறுகிய பெயர் ஆட்களைத் தடுக்கும். அதற்காக 'விவசாயம்' என்று மொத்தமாக வைத்தால் டிராக்டர் விலையிலிருந்து மாட்டுத் தீவனம் வரை எல்லாம் வந்து கொட்டும், எதுவும் தங்காது. இரண்டு வருடம் கழித்து அங்கே என்ன பேசுவார்கள் என்று யோசித்து, அதைத் தாங்குகிற அளவுக்குப் பெயர் வையுங்கள். பெயரில் வருடத்தைப் போட வேண்டாம். மென்பொருளின் பெயரும் வேண்டாம். 'ஆஸ்க்லெம்மி' என்று ஒரு பிரபலமான குழு இருக்கிறது, அங்கே இன்று பைஃபெட்காரர்களும் எம்பின்காரர்களும்கூடக் கேள்வி கேட்கிறார்கள், பெயர் மட்டும் ஒரு மென்பொருளோடு கட்டப்பட்டு நிற்கிறது.

அதே பெயரில் வேறு சர்வரில் குழு இருந்தால்? வைக்கலாம், தடையே இல்லை. 'டெக்னாலஜி' என்ற பெயரில் லெம்மி.வேர்ல்டில் ஒன்று, லெம்மி.எம்எல்லில் ஒன்று, பீஹாவில் ஒன்று. மூன்றும் வேறு வேறு கூட்டம், வேறு வேறு விதிகள். 2023 ஜூனில் ரெடிட்டை விட்டு ஆட்கள் கூட்டமாக வந்த சமயத்தில் பீஹா சர்வர் லெம்மி.வேர்ல்டுடனான தொடர்பைத் துண்டித்துக்கொண்டது, அதனால் ஒரே பெயர் இருந்தாலும் ஒரு சர்வரில் எழுதியது மற்ற சர்வரில் தெரியாமல் போனது. சில சமயம் இந்த இரட்டை நியாயமானது, நடத்துகிற முறை பிடிக்கவில்லை என்றால் வேறு வீடு கட்டிக்கொள்ள முடிவதுதான் இந்த அமைப்பின் பலமே. ஆனால் நம் மாதிரி சின்னக் கூட்டத்துக்கு, நாற்பது பேர் இருக்கிற இடத்தில் இருபது இருபதாகப் பிரிந்தால் இரண்டு பக்கமும் பேச்சு அடங்கிவிடும். லெம்மிவெர்ஸ்.நெட் என்ற தளத்தில் எல்லா சர்வர்களின் குழுக்களையும் தேடலாம். முதலில் அங்கே பாருங்கள், ஏற்கெனவே ஒன்று உயிரோடு இருந்தால் அதில் போய்ச் சேருங்கள். அது தூங்கிக்கொண்டிருந்தால் நடத்துகிறவருக்கு எழுதிப் பொறுப்பைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் புதிதாகத் தொடங்குங்கள், பெயரில் ஒரு வித்தியாசம் இருக்கட்டும், ஊரோ முறையோ ஏதாவது ஒன்று.

ஊர்ப் பெயரை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மதுரை, திருநெல்வேலி, மட்டக்களப்பு என்று ஒரு சர்வரில் முதலில் எடுப்பவருக்கு அந்தப் பெயர் போய்விடும். அது உங்கள் சொத்து இல்லை, அந்த ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் உரியது. எடுத்தால் முதல் மாதத்திலேயே இன்னும் இரண்டு மூன்று பேரை மாடரேட்டராகச் சேர்த்துக்கொள்ளுங்கள், எடுத்துப் பூட்டி மட்டும் வைக்காதீர்கள். சாதிப் பெயரையோ அதை மறைமுகமாகச் சொல்லும் பட்டத்தையோ வைக்காதீர்கள், வாசலிலேயே பாதிப் பேரைத் திருப்பி அனுப்புகிற பெயர் அது. உயிரோடு இருக்கிற ஒருவரின் பெயரில் அவருடைய அனுமதி இல்லாமல் தொடங்குவதும் 'அதிகாரப்பூர்வ' என்று போட்டுக்கொள்வதும் வேண்டாம்.

மேட்ரிக்ஸ் என்பது இதே மாதிரி பல சர்வர்களில் ஓடுகிற அரட்டை வலையமைப்பு, அதன் அறைகள் கதை வேறு. அங்கே அறையின் உண்மையான அடையாளம் கணினி தானே கொடுக்கிற ஒரு நீண்ட குறியீடு, நாம் வைக்கிற பெயர் அதற்கு மேல் ஒட்டுகிற சீட்டு மாதிரி. ஒரே அறைக்குப் பல பெயர்கள், பல சர்வர்களிலிருந்து ஒட்டலாம், ஒரு சர்வர் போனாலும் மற்ற சர்வர்களில் ஆட்கள் இருக்கும்வரை அறை உயிரோடு இருக்கும், புதுச் சீட்டு ஒட்டினால் போதும். தமிழ் எழுத்தும் போடலாம். சர்வர் பெயரோடு சேர்த்து மொத்த அளவு 255 பைட், தமிழில் 'க' மூன்று பைட், 'கொ' ஆறு பைட், அந்தக் கணக்கில் பார்த்தாலும் தாராளமாக இடம் இருக்கிறது. தமிழில் ஒரு பெயர், ஆங்கில எழுத்தில் ஒரு பெயர் என்று இரண்டையும் ஒட்டிவிடுங்கள், தமிழ் விசைப்பலகை இல்லாதவர்களும் வரலாம்.

சரி, பெயரைத் தப்பாக வைத்துவிட்டீர்கள், என்ன செய்வது? குழுவில் இருபது முப்பது பேர்தான் என்றால் யோசிக்காமல் இன்றைக்கே மாறுங்கள், முந்நூறு பேர் ஆன பிறகு மாறுவது பெரிய வேலை. புதிய குழுவைச் சரியான பெயரில் தொடங்கி முதலில் நாலைந்து நல்ல பதிவுகளைப் போட்டு வையுங்கள், காலி வீட்டுக்கு யாரும் குடிவரமாட்டார்கள். பிறகு பழைய குழுவில் புது முகவரியை முழுசாக எழுதி ஒரு பதிவை மேலே நிறுத்தி வையுங்கள். காட்சிப் பெயரையும் 'இடம் மாறிவிட்டது' என்று மாற்றி, அறிமுகக் குறிப்பிலும் புது முகவரியைப் போடுங்கள். இரண்டு மூன்று வாரம் இரண்டிலும் பதில் சொல்லுங்கள். அப்புறம் மாடரேட்டர்கள் மட்டுமே பதிவிடலாம் என்கிற அமைப்பைப் பழைய குழுவில் போட்டு மூடுங்கள். நீக்காதீர்கள். நீக்கினால் பழைய பதிவுகளுக்கான இணைப்புகள் எல்லாம் உடைந்துவிடும், லெம்மியில் நீக்கிய பிறகும் அந்தப் பெயர் அந்த சர்வரில் உங்கள் குழுவின் பேரிலேயே கிடக்கும், வேறு யாருக்கும் பயன்படாது. என் கவுனி குழு இன்றும் அப்படியே பூட்டி நிற்கிறது, மாதம் ஒருவராவது அங்கே வந்து மேலே இருக்கிற பதிவைப் பார்த்து வயலுக்கு வந்துசேர்கிறார்.